ஆங்கிலத்தின் வழியே நட்பைப் பழக்கும் சனிக்கிழமை வகுப்பு: ஒரு பெற்றோரின் மதிப்பீடு

திருச்சியில் தில்லைநகரை ஒட்டிய ஒரு தெருவில், ஒரு வீட்டின் மாடிக் கூடத்தில், ஐந்து வயதிலிருந்து எட்டு வயது வரையிலான பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை காலைகளில் ஆங்கில வகுப்பு ஒன்று நடக்கிறது. எட்டு வாரங்கள் கொண்ட ஒரு தொகுதி முழுவதையும் நட்பு என்ற ஒரே பொருளைச் சுற்றி அமைத்திருக்கிறார்கள். ஒன்றாம் வகுப்பு முடித்திருந்த என் மகள், ஜூன் இறுதியில் தொடங்கி ஆகஸ்ட் நடுவில் முடிந்த தொகுதியில் சேர்ந்தாள். பெற்றோர் விரும்பினால் கூடத்தின் பின்பக்கம் உட்கார்ந்து பார்க்கலாம் என்பதால், பெரும்பாலான வகுப்புகளை நானும் கூடவே இருந்து கவனித்தேன். வகுப்பின் நிறைகளோடு குறைகளையும் எழுதப்போவதால், நடத்துபவர்களின் பெயரைக் குறிப்பிடவில்லை. இதைப் போன்ற வகுப்புகள் இப்போது எல்லா ஊர்களிலும் பெருகிவருகின்றன. அவற்றில் எதைப் பார்த்துப் பிள்ளைகளைச் சேர்ப்பது என்று யோசிக்கும் பெற்றோருக்காகவே இதை எழுதுகிறேன்.

நட்பைப் பற்றி நம் பள்ளிகளில் ஆங்கிலத்தில் சொல்லித்தருவது என்றால், ‘மை பெஸ்ட் ஃபிரண்ட்’ என்ற பத்து வரிக் கட்டுரைதான் உடனே நினைவுக்கு வரும். நண்பனின் பெயர் ஒரு வரி, அவன் படிக்கும் வகுப்பு ஒரு வரி, அவனுடைய தந்தை பார்க்கும் வேலை ஒரு வரி, அவன் நன்றாகப் படிப்பான், எல்லோருக்கும் உதவுவான் என்று இரண்டு வரிகள் என அந்தக் கட்டுரை தலைமுறை தலைமுறையாக மாறாமல் வந்துகொண்டிருக்கிறது. நாற்பது பிள்ளைகள் எழுதினாலும் பெயரைத் தவிர வேறெதுவும் மாறுவதில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையிடம் ஒரு வார்த்தைகூடப் பேசாமலேயே அந்தக் கட்டுரையை மனப்பாடம் செய்து முழு மதிப்பெண் வாங்கிவிட முடியும் என்பதுதான் அதில் எனக்கு இருக்கும் பெரிய வருத்தம். ‘ஷேரிங் இஸ் கேரிங்’ என்று ஒரே குரலில் கத்தச் சொல்லும் வகுப்புகளிலும் இதேதான் நடக்கிறது. பிள்ளைகள் கத்துகிறார்கள், மணி அடித்ததும் ஊஞ்சலுக்கு அடித்துக்கொள்கிறார்கள்.

இந்த வகுப்பை மற்றவற்றிலிருந்து பிரித்துக் காட்டுவது, நடவடிக்கைகளை அவர்கள் அமைக்கும் விதம். இன்னொரு பிள்ளையின் தயவு இல்லாமல் எந்த வேலையையும் முடிக்க முடியாதபடி ஒவ்வொன்றையும் திட்டமிட்டிருக்கிறார்கள். அந்தத் தயவைக் கேட்டுப் பெறுவதற்கு ஓர் ஆங்கில வாக்கியம் வேண்டும். அந்த வாக்கியத்தை அன்றைக்குக் காலைதான் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். ஆகவே வாக்கியத்துக்கு உடனே ஒரு வேலை கிடைத்துவிடுகிறது, கேட்ட பிள்ளைக்கு உடனே ஒரு பதிலும் கிடைத்துவிடுகிறது. என் மதிப்பீடு முழுவதும் இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான் இருக்கிறது. வகுப்பு இதைக் கடைப்பிடித்த நேரங்களில் மிக நன்றாக நடந்தது. இதைக் கைவிட்ட நேரங்களில் எல்லா வகுப்புகளையும் போல ஆகிவிட்டது.

இரண்டாவது வாரம் நடந்த கிரேயான் நடவடிக்கையைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். நான்கு நான்கு பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு சார்ட் தாளைத் தரையில் விரித்தார்கள். அதில் ஒரு வீடு, ஒரு மரம், ஒரு குளம், வானத்தில் ஒரு சூரியன் என்று கோட்டுப்படம் மட்டும் இருந்தது. பிள்ளை ஒன்றுக்கு ஒரே ஒரு கிரேயான், ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு நிறம். ஆனால் வண்ணம் தீட்ட வேண்டிய பகுதியையும் ஆளுக்கொன்றாகப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். பச்சை கிரேயான் வைத்திருந்த பையனுக்குச் சூரியன், மஞ்சள் வைத்திருந்தவளுக்கு மரம். கேட்காமல் எடுக்கக் கூடாது, பெயர் சொல்லித்தான் கேட்க வேண்டும் என்பது விதி. ‘கேன் ஐ ஹேவ் தி கிரீன், ப்ளீஸ்?’ என்பது கேட்கும் வாக்கியம். பதில் சொல்வதற்கு மூன்று வாக்கியங்களைப் பழக்கியிருந்தார்கள்: ‘ஷ்யூர், ஹியர் யூ ஆர்’, ‘வெயிட், ஐ ஆம் யூசிங் இட்’, ‘லெட்ஸ் யூஸ் இட் டுகெதர்’.

எனக்கு எதிரே இருந்த குழுவில், பச்சை கிரேயான் வைத்திருந்த பையன் தன் பகுதியை விட்டுவிட்டுத் தாளின் ஓரத்தில் புல் வரைய ஆரம்பித்துவிட்டான். மரத்துக்குப் பச்சை வேண்டிய சிறுமி கொஞ்ச நேரம் அவன் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எழுந்து போய், “மிஸ், இவன் பச்சையைத் தரவே மாட்டேங்குறான்” என்றாள். அந்த ஆசிரியை அவள் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்து, “என்கிட்ட ஏம்மா சொல்ற? அவன்கிட்டயே கேளு. எப்படிக் கேக்கணும்னு காலையில பாத்தோமே” என்றார். சிறுமி திரும்பி வந்து அவன் பெயரைச் சொல்லி, “கிரீன், ப்ளீஸ்” என்றாள். முழு வாக்கியமாகச் சொல்லவில்லை என்று யாரும் அவளைத் திருத்தவில்லை. பையன் தலையை நிமிர்த்தாமலேயே “வெயிட்” என்றான். அவள் காத்திருந்தாள். இன்னும் மூன்று புற்களை வரைந்து முடித்ததும் அவன் கிரேயானைத் தாளின் மேல் உருட்டிவிட்டு, “ஹியர்” என்றான். அதற்குப் பிறகு அந்தக் குழுவில் யாரும் ஆசிரியையிடம் புகார் கொண்டுபோகவில்லை. புகார் சொல்லப் போகும் தூரத்தைவிடக் கேட்டு வாங்கும் தூரம் குறைவு என்று அவர்களுக்கே தெரிந்துவிட்டது.

இப்படி ஒவ்வொருவரிடமும் ஒரு பங்கை மட்டும் கொடுத்து, சேர்ந்தால்தான் முழுமையாகும் என்று அமைக்கும் முறைக்குப் பழைய வேர் உண்டு. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள ஆஸ்டின் நகரப் பள்ளிகளில், கறுப்பின, வெள்ளையின, லத்தீன் அமெரிக்கப் பிள்ளைகளை ஒரே வகுப்பறையில் சேர்த்து உட்கார வைத்தபோது அவர்களுக்குள் பகைமை முற்றியது. அதைத் தணிக்க வழி தேடிய உளவியலாளர் எலியட் ஆரன்சனும் அவருடைய மாணவர்களும் 1971-இல் ‘ஜிக்சா வகுப்பறை’ என்ற முறையை உருவாக்கினார்கள். பாடத்தைத் துண்டுகளாகப் பிரித்து, குழுவில் ஆளுக்கொரு துண்டை மட்டும் கொடுத்துவிட்டால், பிடிக்காத பிள்ளையின் பேச்சையும் கவனித்துக் கேட்டாக வேண்டிய நிலை வந்துவிடுகிறது என்பதுதான் அதன் அடிப்படை. நட்பாக இருங்கள் என்று அறிவுரை சொல்லாமல், ஒருவரை ஒருவர் நாட வேண்டிய சூழலை மட்டும் உண்டாக்கினார்கள். திருச்சி மாடிக் கூடத்தில் நான் பார்த்தது அதன் எளிய சிறுவர் வடிவம்.

மறுக்கும் வாக்கியங்களையும் சேர்த்துக் கற்றுக்கொடுப்பதைத்தான் இந்த வகுப்பின் மிகச் சிறந்த அம்சமாக நான் கருதுகிறேன். நட்பு என்றாலே கொடுப்பது, விட்டுக்கொடுப்பது, சிரித்த முகமாக இருப்பது என்று மட்டுமே சொல்லித்தருவதற்கு நாம் பழகிவிட்டோம். கேட்டதும் கொடுக்கிற பிள்ளையைப் பாராட்டுகிறோம். ‘நான் இப்போது விளையாடிக்கொண்டிருக்கிறேன், முடித்ததும் தருகிறேன்’ என்று சொல்லும் பிள்ளையைப் பிடிவாதக்காரி என்கிறோம். இங்கே ‘நாட் நவ்’, ‘நோ, தேங்க் யூ’, ‘ஐ டோன்ட் லைக் தட்’, ‘ப்ளீஸ் ஸ்டாப்’ ஆகிய நான்குக்கும் ஒரு முழு வாரத்தை ஒதுக்கியிருந்தார்கள். இருவர் இருவராக நிற்க வைத்து, ஒருவர் தொட்டு விளையாட அழைக்க, மற்றவர் மறுக்க வேண்டும். மறுக்கப்பட்டவர் ‘ஓகே, மேபி லேட்டர்’ என்று சொல்லிவிட்டு வேறொருவரை நோக்கி நகர வேண்டும். மறுப்பைக் கேட்டதும் முதலில் முகம் சுருங்கிய பிள்ளைகள், நான்கைந்து முறை சுற்றி வந்த பிறகு, மறுப்பும் விளையாட்டின் ஒரு பகுதி என்று சாதாரணமாக எடுத்துக்கொள்ள ஆரம்பித்தார்கள். தொடாதே என்று சொல்லப் பழகும் பெண் பிள்ளைக்கும், அந்தச் சொல்லைக் கேட்டவுடன் கையை எடுக்கப் பழகும் ஆண் பிள்ளைக்கும் இந்த ஒரு வாரம் என்ன செய்யக்கூடும் என்று எந்தப் பெற்றோருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை.

பேசாத பிள்ளைகளை இவர்கள் நடத்திய விதமும் எனக்குப் பிடித்திருந்தது. புதிய மொழியைக் கற்கும் குழந்தைகள் வாயைத் திறப்பதற்கு முன் நீண்ட காலம் கேட்டுக்கொண்டு மட்டுமே இருக்கக்கூடும். மொழியறிஞர் ஸ்டீபன் கிராஷன் முதலானோர் இதை மௌனக் காலம் என்று விளக்கியிருக்கிறார்கள். அந்தக் காலத்தில் பிள்ளை எதையும் கற்கவில்லை என்று பொருள் கொள்ளக் கூடாது. இங்கே பேச விரும்பாத பிள்ளை தலையசைக்கலாம், சுட்டிக் காட்டலாம், அல்லது பச்சை அட்டையையோ சிவப்பு அட்டையையோ தூக்கிக் காட்டலாம். அதையே பதிலாக ஏற்றுக்கொண்டார்கள். வகுப்பின் தொடக்கத்தில் சொல்லுக்கு ஏற்ப உடலை அசைக்கும் விளையாட்டும் உண்டு. ஆங்கிலக் கட்டளையைக் கேட்டு அதன்படி செய்வதன் மூலம் மொழியைப் பழக்கும் இந்த முறையை 1960-களில் அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் ஆஷர் வகுத்தார். இங்கே அதைச் சற்று மாற்றி, ‘ஃபைண்ட் எ ஃபிரண்ட் வித் ப்ளூ ஷூஸ்’, ‘ஷேக் ஹேண்ட்ஸ் வித் டூ ஃபிரண்ட்ஸ்’ என்று எல்லாக் கட்டளைகளும் இன்னொரு பிள்ளையை நோக்கியே போகும்படி செய்திருந்தார்கள். வாய் திறக்காத பிள்ளையும் கை குலுக்கிவிடுகிறது.

தமிழுக்கு இடம் உண்டா என்பது நான் சேர்ப்பதற்கு முன்பே கேட்ட கேள்வி. உண்டு என்றார்கள், அதைக் காப்பாற்றவும் செய்தார்கள். சாக்ஸில் பொத்தான் கண்கள் தைத்த இரண்டு கைப்பொம்மைகளை வைத்து ஒரு சண்டையை நடித்துக்காட்டினார்கள். ஒரு பொம்மை கட்டிய கோபுரத்தை இன்னொன்று இடித்துவிட்டது. இடித்தது வேண்டுமென்றா தெரியாமலா என்பதைப் பிள்ளைகள் தீர்மானிக்க வேண்டும். இந்த விசாரணை முழுவதும் தமிழில்தான் நடந்தது. “அது பாக்காம இடிச்சிருச்சு மிஸ்”, “இல்ல, அதுக்குப் பொறாமை”, “கோபுரம் கட்டும்போது அதைச் சேத்துக்கவே இல்ல, அதான்” என்று பிள்ளைகள் சொன்ன காரணங்களை ஆறு வயதுப் பிள்ளையால் ஆங்கிலத்தில் சொல்லியிருக்கவே முடியாது. கோபுரம் இடிந்த பொம்மை ‘டூ’ விட்டுவிட்டது என்றும், இனி எப்படிப் ‘பழம்’ விடுவது என்றும் அவர்களே பேசி முடித்த பிறகுதான், ‘ஐ ஆம் சாரி ஐ புரோக் இட்’, ‘லெட் மீ ஹெல்ப் யூ’ என்ற இரண்டு வாக்கியங்கள் வந்தன. மன்னிப்புக் கேட்பதோடு நிறுத்தாமல், இடித்ததைத் திரும்பக் கட்டுவதற்கு உதவும் வாக்கியத்தையும் சேர்த்தது நல்ல முடிவு.

இது சிறிய விஷயமாகத் தோன்றலாம். ஆனால் தமிழில் ஒரு சொல் பேசினால் ஐந்து ரூபாய் அபராதம் என்று நடத்தும் பயிற்சி வகுப்புகளையும் நான் பார்த்திருக்கிறேன். நட்பைக் கற்பிக்கிறோம் என்று சொல்லிக்கொண்டு, குழந்தை தன் வருத்தத்தைச் சொல்லும் மொழியை வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டு வரச் சொல்வது எந்த வகையிலும் நியாயமில்லை. மூன்று வயது முதல் எட்டு வயது வரையிலான பிள்ளைகளுக்கு எதை எப்படிக் கற்பிப்பது என்று வழிகாட்டும் தேசியக் கலைத்திட்டச் சட்டகத்தை மத்திய அரசு 2022 அக்டோபரில் வெளியிட்டது. அதிலும் வீட்டு மொழிக்கு முதன்மையான இடம் இருக்கிறது, பிள்ளையின் சமூக, உணர்வு வளர்ச்சியும் கற்றலின் ஒரு களமாகவே வைக்கப்பட்டிருக்கிறது.

கதை நேரத்துக்குப் பெங்களூரைச் சேர்ந்த பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவர் தளத்திலிருந்து படக்கதைகளை அச்செடுத்துப் பயன்படுத்தினார்கள். அந்தத் தளத்தில் உள்ள கதைகள் திறந்த உரிமத்தில் இருப்பதால் யாரும் இலவசமாகத் தரவிறக்கலாம், அச்சிடலாம். ஒரே கதை பல நேரங்களில் தமிழிலும் ஆங்கிலத்திலும் கிடைக்கிறது. படிக்கும் திறனுக்கு ஏற்ப நிலை வாரியாகவும் பிரித்து வைத்திருக்கிறார்கள். சென்னையின் தூலிகா பதிப்பகம் வெளியிட்ட இருமொழிப் படப்புத்தகங்கள் சிலவும் அலமாரியில் இருந்தன. கதையைப் பாதியில் நிறுத்தி, இந்த இடத்தில் நீ இருந்தால் என்ன சொல்வாய் என்று கேட்பதோடு சரி. கதையின் நீதி என்ன என்று கேட்கவில்லை. அதற்காக அவர்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் முதல் ஞாயிற்றுக்கிழமை வரும் நண்பர்கள் தினத்துக்கு முந்தைய நாள் வகுப்பைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். ஐக்கிய நாடுகள் அவை 2011-இல் ஜூலை 30-ஐப் பன்னாட்டு நட்பு நாளாக அறிவித்தது என்றாலும், நம் ஊர்க் கடைகளில் கயிறு விற்பனை ஆகஸ்ட் முதல் வாரத்தில்தான் சூடுபிடிக்கிறது. அந்தச் சமயத்தில் பள்ளிக்குப் போய் வந்த பிள்ளைகளின் கைகளைப் பார்த்தால் எல்லாம் தெரிந்துவிடும்: சிலருக்கு மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கயிறு, சிலருடைய மணிக்கட்டில் ஒன்றுகூட இருக்காது. வெறுங்கையோடு வீடு திரும்பும் பிள்ளை அதைப் பற்றி வீட்டில் பேசுவதுமில்லை. இந்த வகுப்பில் கம்பளி நூலில் ஆளுக்கொரு கயிறு பின்ன வைத்து, யாருக்குக் கட்டுவது என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுத்தார்கள். சீட்டில் யார் பெயர் வந்ததோ அந்தப் பிள்ளையிடம் முன்கூட்டியே போய், ‘வாட்ஸ் யுவர் ஃபேவரிட் கலர்?’ என்று கேட்டு, அந்த நிறத்தில்தான் பின்ன வேண்டும். கட்டும்போது அந்தப் பிள்ளையிடம் தனக்குப் பிடித்த ஒன்றை, ‘ஐ லைக் ஹவ் யூ’ என்று தொடங்கும் ஒரு வாக்கியத்தில் சொல்ல வேண்டும். ‘ஐ லைக் ஹவ் யூ ரன்’, ‘ஐ லைக் ஹவ் யூ லாஃப்’ என்றெல்லாம் வந்தன. ஆளுக்கு ஒரு கயிறு. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இவ்வளவு எளிய ஏற்பாட்டைப் பள்ளிகள் ஏன் செய்வதில்லை என்ற கேள்வி எனக்குள் இன்னும் இருக்கிறது.

இனி குறைகளைச் சொல்கிறேன். முதலாவது, வாராந்தர ஒர்க்‌ஷீட். நேரில் இவ்வளவு உயிரோடு நடந்த வகுப்பின் முடிவில், ‘எ குட் ஃபிரண்ட் இஸ் கைண்ட்’, ‘எ குட் ஃபிரண்ட் இஸ் ஹானஸ்ட்’ என்று கோடிட்ட இடங்களை நிரப்பும் தாளை வீட்டுக்குக் கொடுத்தனுப்புகிறார்கள். சிறு குழந்தைக்கு நண்பன் என்பவன், அந்த நேரத்தில் கூட விளையாடுகிறவன்; ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் ராபர்ட் செல்மன் நட்பைப் பற்றிய குழந்தைகளின் புரிதலைப் படிநிலைகளாக வகுத்தபோது, முதற்படியில் இதைத்தான் வைத்தார். நேர்மை, நம்பிக்கை ஆகியவை பின்னால் வரும் படிகளுக்கு உரியவை. ஐந்து வயதுப் பிள்ளையிடம் நேர்மையான நண்பனைப் பற்றிக் கேட்டால், ஆசிரியர் விரும்பும் விடையை எழுதுமே தவிர, தனக்குத் தெரிந்ததை எழுதாது. பெற்றோர் வீட்டுப்பாடம் கேட்கிறார்கள், அதனால்தான் கொடுக்கிறோம் என்று விளக்கினார்கள். கேட்கும் பெற்றோரிடம் மறுத்துச் சொல்லும் துணிவு, மறுப்பதைக் கற்பிக்கும் வகுப்புக்கு இருக்க வேண்டும் என்பதே என் கருத்து.

இரண்டாவது குறை, அதைவிடப் பெரியது. ‘ஃபிரண்ட் ஆஃப் தி வீக்’ என்று வாரம் ஒரு பிள்ளைக்கு நட்சத்திரம் குத்துகிறார்கள். ஐந்தாவது வாரத்திலேயே அதன் விளைவு கண்ணில் பட்டது. கிரேயானைக் கொடுத்துவிட்டு ஆசிரியை பார்த்தாரா என்று திரும்பிப் பார்க்கும் பழக்கம் இரண்டு மூன்று பிள்ளைகளிடம் வந்துவிட்டது. கேட்பது, கொடுப்பது, மறுப்பது எல்லாம் இரு பிள்ளைகளுக்கு இடையில் நடக்க வேண்டியவை. நட்சத்திரம் அங்கே மூன்றாவது ஆளைக் கொண்டுவந்து உட்கார வைத்துவிடுகிறது. எட்டு வாரத்தில் எட்டுப் பேருக்குத்தான் அது கிடைக்கும், வகுப்பில் இருப்பவர்களோ பதினாறு பேர். இதை நேரில் சொன்னபோது கவனமாகக் கேட்டுக்கொண்டார்கள். ஆனால் அந்தத் தொகுதி முடியும் வரை நட்சத்திரம் தொடர்ந்தது.

வயதுக் கலப்பும் சரியில்லை. மில்ட்ரெட் பார்ட்டன் 1932-இல் வெளியிட்ட ஆய்வில் பாலர் பள்ளிப் பிள்ளைகளின் விளையாட்டைப் பல வகையாகப் பிரித்துக் காட்டினார்: தனியே விளையாடுவது, பிறர் விளையாடுவதை வேடிக்கை பார்ப்பது, பக்கத்தில் உட்கார்ந்து அதே போலத் தனித்தனியாக விளையாடுவது, பிறகு சேர்ந்து விளையாடுவது, கடைசியாக ஆளுக்கொரு பொறுப்பு எடுத்துக்கொண்டு கூட்டாக விளையாடுவது என்று. ஐந்து வயதுப் பிள்ளை அப்போதுதான் சேர்ந்து விளையாடப் பழகிவருகிறது, சில நேரங்களில் பக்கத்தில் உட்கார்ந்து தன் பாட்டுக்கு விளையாடுவதிலேயே நிறைவடைந்துவிடுகிறது. எட்டு வயதுப் பிள்ளைக்கு விதிகளும் அணிகளும் வேண்டும். இருவரையும் ஒரே குழுவில் போட்டால், பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்கு வேலை ஏவுகிறது. அதைக் குழுப்பணி என்று எடுத்துக்கொள்வது தவறு. ஐந்து, ஆறு வயதுக்கு ஒரு பிரிவும் ஏழு, எட்டு வயதுக்கு ஒரு பிரிவும் வைத்தால் போதும். கூடம் ஒன்றுதான் என்றால் நேரத்தைப் பிரித்துக்கொள்ளலாம்.

கடைசி வார நிகழ்ச்சியைப் பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. பெற்றோருக்குக் காட்டுவதற்காக, முந்தைய இரண்டு வாரங்களில் பாதி நேரம் மனப்பாட வசனங்களுக்குப் போய்விட்டது. நான் எதைத் தவிர்க்க நினைத்துச் சேர்த்தேனோ, அதே பத்து வரிகள் மைக்கில் வந்தன. வகுப்பில் எடுக்கும் புகைப்படங்களைப் பெற்றோரின் அனுமதி கேட்காமல் வாட்ஸ்அப் குழுவிலும், விளம்பரத்துக்காகச் சமூக ஊடகத்திலும் போடுவதை நான் கண்டிக்கிறேன். கேட்காமல் எடுக்கக் கூடாது என்று பிள்ளைகளுக்கு வைத்திருக்கும் விதி பெரியவர்களுக்கும் பொருந்த வேண்டும். நான் எழுதிக் கேட்ட பிறகு என் மகளின் படங்களை நீக்கினார்கள் என்பதையும் சொல்லியாக வேண்டும்.

ஆங்கிலம் எவ்வளவு வந்தது என்று பலரும் கேட்கிறார்கள். எண்ணிக்கையில் பார்த்தால் குறைவுதான்: தயங்காமல் சொல்லக்கூடிய இருபதுக்கும் குறைவான வாக்கியங்கள், நிறங்கள், உணர்வுகளைச் சொல்லும் சில சொற்கள். எழுத்துக்கூட்டி வாசிக்கவோ, பிழையின்றி எழுதவோ இந்த வகுப்பு சொல்லித்தரவில்லை. சொல்லித்தருவதாக வாக்களிக்கவும் இல்லை. ஆனால் வந்த வாக்கியங்கள் இடமறிந்து வருகின்றன. எங்கள் குடியிருப்பின் ஊஞ்சலில் என் மகள் ஆடிக்கொண்டிருந்தபோது, பக்கத்து வீட்டுப் பையன் வந்து கயிற்றைப் பிடித்து இழுத்தான். முன்பெல்லாம் அவள் இறங்கி அழுதுகொண்டே மேலே வந்துவிடுவாள். அன்றைக்கு, “இரு, நான் ஆடிட்டு இருக்கேன்ல? பத்து எண்ணு, தரேன்” என்றாள். அவன் ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தான். அதில் ஆங்கிலம் ஒரு சொல்கூட இல்லை. கிரேயான் தாளின் மேல் பழகியது தமிழில் வெளிவந்ததைப் பார்த்தபோதுதான், கொடுத்த பணத்துக்குப் பலன் கிடைத்துவிட்டது என்று நான் உறுதியாக நினைத்தேன்.

பணம் என்று பார்த்தால் தொகுதிக்கு 2,400 ரூபாய், அதாவது வகுப்பு ஒன்றுக்கு 300 ரூபாய். ஒன்றரை மணி நேர வகுப்பு, பதினாறு பிள்ளைகளுக்கு இரண்டு ஆசிரியைகள். நகரத்தின் மற்ற வகுப்புகளோடு ஒப்பிட்டால் நியாயமான கட்டணமே. ஆனால் எல்லோராலும் கொடுக்கக்கூடிய தொகை இல்லை, எல்லா ஊர்களிலும் இத்தகைய கூடங்களும் இல்லை. அரசுப் பள்ளிகளில் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஆங்கிலமும் ஆடல், பாடல், செயல்பாடுகள் வழியாகவே சொல்லித்தரப்படுகிறது. பிள்ளைகள் குழுவாகத் தரையில் உட்கார்வதும் அங்கே ஏற்கெனவே இருக்கிறது. ஒரு சார்ட் தாளும் நான்கு கிரேயான்களும் இருந்தால் போதும், நான் மேலே சொன்ன நடவடிக்கையை எந்தத் தொடக்கப் பள்ளியிலும் நடத்திவிடலாம். ஆசிரியராக இருக்கும் என் உறவினர் ஒருவர் ஒன்றாம் வகுப்பில் இதைச் செய்து பார்த்துவிட்டு, கிரேயானுக்குப் பதிலாக ஒரே ஒரு ரப்பரையும் ஒரே ஒரு ஷார்ப்பனரையும் வைத்தும் நடத்தலாம் என்றார்.

யாருக்குப் பொருந்தும் என்றால், ஆறேழு வயதில், வீட்டில் நன்றாகப் பேசிவிட்டுப் புது இடத்தில் ஒதுங்கி நிற்கும் பிள்ளைகளுக்கு மிகவும் பொருந்தும். உடன்பிறந்தோர் இல்லாமல் வளரும் பிள்ளைகளுக்கும், ஊர் மாறிப் புதுப் பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளுக்கும் நான் தயங்காமல் பரிந்துரைப்பேன். பேச்சு தாமதமாக வரும் பிள்ளைகளையும் கேட்கும் திறன் குறைந்த பிள்ளைகளையும் சேர்ப்பதற்கு முன் தனியாகப் பேசிப் பார்க்க வேண்டும். மாடிக் கூடத்தில் எதிரொலி அதிகம், பின்னால் இருப்பவர்களுக்குச் சொற்கள் தெளிவாகக் கேட்பதில்லை. பள்ளித் தேர்வில் ஆங்கில மதிப்பெண் கூட வேண்டும் என்று நினைப்பவர்கள் வேறு வகுப்பைத் தேடுவது நல்லது.

உங்கள் ஊரில் இதைப் போன்ற ஒரு வகுப்பைப் பார்க்கப் போகிறீர்கள் என்றால், அறிமுக நாளில் போகாதீர்கள். அன்றைக்கு எல்லா வகுப்புகளும் நன்றாகவே இருக்கும். மூன்றாவது, நான்காவது வாரம் போல ஒரு நாள் பின்னால் உட்கார்ந்து பார்க்க அனுமதி கேளுங்கள். பிள்ளைகள் ஆசிரியரைப் பார்த்துப் பேசும் நேரம் எவ்வளவு, ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசும் நேரம் எவ்வளவு என்று கவனியுங்கள். ஒரு பிள்ளை தமிழில் பேசும்போது ஆசிரியரின் முகம் எப்படி மாறுகிறது என்றும் பாருங்கள். நான் சொன்ன வகுப்பின் அடுத்த தொகுதி தசரா விடுமுறைக்குப் பிறகு தொடங்குகிறது. வயதுவாரியாக இரண்டு பிரிவுகளாக நடத்தப்போவதாகத் தெரிவித்திருக்கிறார்கள். நட்சத்திரத்தை எடுத்துவிட்டார்களா என்று கேட்டுவிட்டு என் மகளை மறுபடியும் சேர்க்கலாம் என்றிருக்கிறேன்.